நரிவெங்காயம் இலைக்குக் காத்திராத கதை

அந்தக் காலத்தில் காட்டிலிருந்த எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது. மரம் மரத்தோடு பேசியது. மனிதர்கள் எறும்போடு பேசினார்கள். பேச்சுத் துணை இல்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ள முடியாத காலம். அப்போதும் தனியாக இருந்தவர்கள் இருந்தார்கள். மலையின் கிழக்குச் சரிவில், ஓடையை ஒட்டிய குடிசையில் இருந்த வெள்ளைச்சி அப்படி ஒருத்தி.

அவள் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் மூக்கன் தேனெடுப்பவன். தேனெடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாறையில் கொடி கட்டி ஒருவன் இறங்கினால், மேலே நின்று அந்தக் கொடியைக் காப்பவன் அவனுடைய மச்சினனாக இருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கை சலித்துப்போகலாம், பராக்குப் பார்க்கலாம். கூடப்பிறந்தவளை நினைத்துக்கொண்டு நிற்பவன் அப்படி விட்டுவிட மாட்டான். வெள்ளைச்சியின் அண்ணன் சடையன் இருந்தது மலைக்கு அந்தப் பக்கம். ஆகவே தேன் காலம் வந்தால் மூக்கன் மலையேறி அங்கே போய்விடுவான். அவள் பிறந்த இடத்தில் அவன் இருப்பான், அவன் பிறந்த இடத்தில் அவள் இருப்பாள்.

"எங்க அண்ணன் முகத்தை நீதான் வருசா வருசம் பாக்குற. எனக்கு மறந்தே போச்சு" என்றாள் அவள், அந்த வருசம் அவன் கிளம்பும்போது.

"பெரிசா ஒண்ணும் மாறலை. உன்னை மாதிரியேதான் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு இருப்பான்."

"எப்ப வருவ?"

"மொத மழைக்கு முன்னால வந்துருவேன்."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

"போன தடவை மழை முந்திக்கிட்டுது. அதுக்கு நான் என்ன செய்ய?"

சிரித்துக்கொண்டே சுரைக்குடுக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

பங்குனியில் ஓடை மெலிந்து கற்களுக்கு நடுவில் ஒரு கோடாக ஆயிற்று. பக்கத்துக் குடிசைக்காரர்கள் சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டு மேல் ஊற்றுக்குப் புறப்பட்டார்கள். ஒவ்வொரு கோடையிலும் அப்படித்தான். வெள்ளைச்சி புறப்படவில்லை.

"ஒத்தையில இருந்து என்ன செய்யப் போற?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வர்ற மனுசன் இங்கதானே வந்து தேடும்."

"அங்க வந்து தேடத் தெரியாதாக்கும்."

"அலைஞ்சு வருமில்ல" என்றாள் வெள்ளைச்சி. அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

குடிசைக்கு முன்னால் அவள் ஒரு தோட்டம் வைத்திருந்தாள். கிழங்கு தோண்டப் போகிற இடத்தில் கண்ணுக்குப் பிடித்த பூச்செடி ஏதாவது இருந்தால், வேரோடு மண்ணோடு எடுத்து வந்து புங்கமர நிழலில் ஊன்றிவிடுவாள். காந்தள் இருந்தது. நிலப்பனையும் நரிவெங்காயமும் இருந்தன. காட்டுமல்லி ஒன்று மரத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. வேலி கிடையாது. காடு எங்கே முடிந்து தோட்டம் எங்கே தொடங்குகிறது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

அந்தப் பங்குனியில் புங்கம் பூத்து, தரையெல்லாம் உமி கொட்டியதுபோல வெளுத்துக் கிடந்தது. காட்டுமல்லியும் பூத்தது. ஆனால் அவை மேலே தங்களுக்குள் பேசிக்கொண்டன. வண்டுகள் வந்துபோக அவற்றுக்கு நேரம் சரியாக இருந்தது. தரையில் இருந்தவை எல்லாம் மழை வருகிறவரை மண்ணுக்குள் தூங்கின. விழித்திருந்தது நரிவெங்காயம் மட்டும்தான். அதன் கிழங்கு பாதி மண்ணுக்கு மேலே தெரியும். அதனால் அதற்குப் பாதித் தூக்கம்தான் வரும்.

"தூங்கலியா?" என்பாள் வெள்ளைச்சி.

"எங்க தூங்க? நீ நடந்துக்கிட்டே இருக்க."

அந்தக் காலத்தில் நரிவெங்காயத்துக்கு அவசரம் என்பதே கிடையாது. முதல் மழைக்குப் புரண்டு படுக்கும். இரண்டாவது மழைக்கு, இது நிஜமான மழைதானா என்று யோசிக்கும். மூன்றாவது மழை பெய்தபிறகுதான் இலையை வெளியே நீட்டும். இலையெல்லாம் விரிந்து, வயிறு நிறைந்து, பிறகு ஆற அமரப் பூக்கும். மற்ற செடிகள் அதைக் கேலி செய்தன. வெள்ளைச்சிக்கு அது பிடித்திருந்தது. காத்திருக்கத் தெரிந்த ஒன்று பக்கத்தில் இருப்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"மூணு மழை பாத்தாத்தான் நம்புவியா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நீங்க மட்டும் என்ன? மூணு குரல் கேட்டாத்தானே எழுந்திருக்கிறீங்க."

அதுவும் உண்மைதான். அந்தச் சரிவில் அப்படி ஒரு விதி இருந்தது. காட்டில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதல் குரலுக்குப் பதில் கொடுக்கக் கூடாது. இரண்டாவதுக்கும் கூடாது. மூன்றாவது குரலும் வந்தால் "ஓ" என்று எழுந்து போகலாம். காரணம் கரிச்சான். வாலில் கம்பிபோல இரண்டு நீண்ட இறகும் அவற்றின் நுனியில் குஞ்சமும் வைத்திருக்கிற அந்தக் கறுத்த பறவை, யார் குரலையும் எடுத்துப் பேசும். தாய் குரலில் பிள்ளையைக் கூப்பிடும். பிள்ளை பள்ளத்தில் இறங்கி வழி தெரியாமல் அழுதால், கிளையில் உட்கார்ந்து சிரிக்கும். ஆனால் அடுத்தவர் குரலைத் தாங்க அதற்கு இரண்டு தரம் கூப்பிடத்தான் மூச்சு உண்டு. மூன்றாவதில் குரல் உடைந்து கரிச்சான் வெளியே வந்துவிடும். வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் வெள்ளைச்சிக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவன் மூக்கன்தான்.

"நானே கூப்பிட்டாலும் மூணுக்குத்தான் எழுந்திருக்கணும். மறந்துறாத."

"நீ கூப்பிட்டா எனக்குத் தெரியாதா?"

"எங்க அம்மைக்கே தெரியாம ஒரு நாள் காடெல்லாம் சுத்தினா. நீ நேத்து வந்தவ."

மற்றவர்கள் மேல் ஊற்றுக்குப் போனபிறகு, ஏமாற்ற வேறு ஆள் இல்லாமல் கரிச்சான் வெள்ளைச்சியிடம் வந்தது. ஒரு பகலில் ஓடைப் பக்கமிருந்து மூக்கனின் குரல் கேட்டது. "வெள்ளே…" அவள் கையிலிருந்த கிழங்கை அப்படியே வைத்தாள். மறுபடியும், "வெள்ளே…" அவள் காத்திருந்தாள். மூன்றாவது குரல் பாதியில் கீச்சிட்டு உடைந்தது. கரிச்சான் புங்கமரத்தில் வந்து உட்கார்ந்தது.

"என்ன மதினி, ஓடி வருவேன்னு பாத்தா உக்காந்தே இருக்க." அது தன்னை மூக்கனின் தம்பியாகப் பாவித்துக்கொண்டு அவளை மதினி என்றுதான் கூப்பிடும்.

அவள் கோபப்படவில்லை. "இன்னொரு தரம் கூப்பிடு" என்றாள்.

"என்னது?"

"அதே மாதிரி. கூப்பிடு."

கரிச்சான் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. "நீ ஏமாந்தாத்தான் எனக்குச் சந்தோசம். தெரிஞ்சே கேட்டா எனக்கு அதுல என்ன இருக்கு?"

"கரையான் தாறேன்."

அப்படித்தான் அது தொடங்கியது. தினமும் பகல் சாயும் நேரத்தில் கரிச்சான் ஓடைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து இரண்டு தரம் கூப்பிடும். அவள் தோட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். பிறகு எழுந்து போய்க் கரையான் புற்றை ஒரு பக்கம் உடைத்துவிடுவாள். மூன்றாவது தரம் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உடைந்த குரலைக் கேட்க அவளுக்கு விருப்பமில்லை.

கொஞ்ச நாளில் அவள் திருத்தவும் ஆரம்பித்தாள்.

"அப்படி இல்ல. கடைசியில ஒரு இழுப்பு இருக்கும்."

"இழுத்தேனே."

"நீ இழுக்கிற. அவரு இழுக்க மாட்டாரு. அது தானா வரும். மேட்டுல ஏறி வந்து மூச்சு விடுற மாதிரி."

"உனக்கு வேற வேலையே இல்லையா மதினி?" என்றது கரிச்சான். ஆனாலும் பழகிக்கொண்டது. நாளுக்கு நாள் அந்தக் குரல் மூக்கனின் குரலுக்கு நெருங்கி வந்தது. அந்த இழுப்பு மட்டும் கொஞ்சம் தவறிக்கொண்டே இருந்தது.

சித்திரை பிறந்தது. மேற்கே மேகம் கூடுவதும் கலைவதுமாக இருந்தது. அவள் குடிசையைப் பெருக்கி, கூரையில் புது ஓலை செருகி வைத்தாள். நரிவெங்காயத்தின்மேல் வெயில் படாமல் சருகைக் கூட்டி மூடினாள். அங்கேயே உட்கார்ந்திருந்தபோது, ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"வெள்ளே…"

பொழுது இன்னும் சாயவில்லை. கரிச்சானுக்கு இன்றைக்குப் பசி முந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"யாரு?" என்றது நரிவெங்காயம், சருகுக்கு அடியிலிருந்து.

"வேற யாரு. உன்னை எழுப்பிட்டானா?"

"வெள்ளே…"

இரண்டாவது குரலில் அந்த இழுப்பு இருந்தது. மேட்டில் ஏறி வந்து மூச்சு விடுகிற மாதிரியே, தானாக வந்தது. இன்றைக்குத்தான் சரியாக வந்திருக்கிறது என்று நினைத்தாள். அவளையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

"போகலியா?"

"மூணாவது வரட்டும்."

"அதுவும் சரிதான்" என்றது நரிவெங்காயம்.

அவள் நின்றாள். புங்கம்பூ இரண்டு மூன்று தோளில் விழுந்தன. ஓடையில் தண்ணீர் இல்லாததால் காடு அமைதியாக இருந்தது. மூன்றாவது குரல் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்து சருகைக் கூட்டினாள்.

சற்று நேரத்தில் கரிச்சான் வந்து தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது.

"இரு, வாரேன். புத்தை உடைக்கணும்" என்றாள் வெள்ளைச்சி. "இன்னைக்கு நல்லாக் கூப்பிட்ட. இழுப்பு அப்படியே வந்துட்டுது."

"நான் இன்னைக்கு இன்னும் கூப்பிடலையே" என்றது கரிச்சான். "இப்பத்தான் கிழக்கே இருந்து வாரேன்."

அவள் அதைப் பார்த்தாள். அது பொய் சொல்கிறபோது வால் குஞ்சம் ஆடும். அப்போது ஆடவில்லை.

அவள் ஓடினாள். ஓடைக் கற்களைத் தாண்டி, மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இருந்த பாறைக்குப் போனாள். கட்டிய முடிச்சு நழுவி, பாறையில் பாதி உயரத்தில் சிக்கி ஒரு கொடி தொங்கிக்கொண்டிருந்தது. கீழே மூக்கன் கிடந்தான். இடது கையில் தேக்கிலையில் பொதிந்த சின்னத் தேனடை இருந்தது. வலது கையின் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையால்தான் கொடியைப் பிடித்திருந்திருப்பான். உடம்பில் சூடு இன்னும் இருந்தது. உயிர் இல்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முகத்தில் ஒட்டியிருந்த தேனீக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிறகு, அவன் கூப்பிட்டதற்கு, "ஓ" என்றாள். பாறை அதைத் திருப்பிச் சொன்னது.

கரிச்சான் மலைக்கு அந்தப் பக்கம் பறந்துபோய்ச் சடையனிடம் சொன்னது. எந்தக் குரலில் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. சடையன் வந்தான். மேல் ஊற்றிலிருந்து மற்றவர்களும் வந்தார்கள். பாறையடியிலேயே குழி தோண்டி மூக்கனை வைத்தார்கள். எல்லாம் முடிந்தபிறகு சடையன் தங்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் முகம் மறந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். மறக்கவில்லை. மூஞ்சியைத் தூக்கித்தான் வைத்திருந்தான்.

"நான் இல்லாம எதுக்கு எறங்கினான்?" என்றான். "கெளம்பும்போதே சொன்னான். வீட்டுக்குப் பக்கத்துப் பாறையில சின்னக் கூடு ஒண்ணு இருக்கு, அவளுக்குச் சூடா ஒரு அடை எடுத்துக்கிட்டுப் போகணும்னு. குடுக்கையில இருக்கிறது பத்தாதான்னு ஏசினேன். சிரிச்சான்."

பாறையில் தொங்கிய கொடியை நிமிர்ந்து பார்த்தான்.

"கையில தொங்கிக்கிட்டுக் கெடந்திருக்கான். கூப்பிட்டிருப்பானே. இங்கதான இருந்த, கேக்கலியா?"

"கேட்டுச்சு."

சடையன் திரும்பிப் பார்த்தான்.

"எத்தனை தரம்?"

"ரெண்டு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சரிவின் விதி அவனுக்கும் தெரியும். மூக்கனுக்கும் தெரியும். மூன்றாவது தரம் கூப்பிட அவன் எவ்வளவு முயன்றிருப்பான் என்பதை அண்ணனும் தங்கையும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். அவள் தோட்டத்துக்குப் போனாள். நரிவெங்காயத்தின்மேல் மூடியிருந்த சருகை விலக்கினாள்.

"நான் போறேன்."

"தெரியும்."

"போய்ப் பாருன்னு நீயாவது சொல்லியிருக்கலாம்."

"நானும் மூணாவதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றது.

வெள்ளைச்சி எழுந்து அண்ணன் பின்னால் நடந்தாள். மலையின் தோளில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தை அவர்கள் எட்டியபோது முதல் மழை பிடித்தது. பெரிய பெரிய துளிகள். மண் வாசனை எழுந்தது. சடையன் பாறையிடுக்கில் ஒதுங்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டான். அவள் நனைந்துகொண்டே நின்றாள். முதல் மழைக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று மூக்கன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த வருசம், இறந்தவன் இடத்தில் தேன் வைத்துக் கும்பிட்டுவர அவள் தனியாக வந்தாள். அவள் புறப்படுவதற்குச் சில நாள் முன்னால்தான் அந்த வருசத்தின் முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாறையடியில் தேனை ஊற்றிவிட்டு ஓடையைத் தாண்டினாள். குடிசையின் கூரை உள்ளே விழுந்திருந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் காடு அதை எடுத்துக்கொண்டுவிட்டது. எல்லை எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. மரத்தின் மேலே எங்கோ கரிச்சான் பருந்தைப்போலக் கத்திற்று. பிறகு அணிலைப்போல. அவள் கொஞ்சம் நின்றாள். மனிதக் குரல் எதுவும் வரவில்லை. அவளைக் கண்டதும் அது இடம் மாறிப் பறந்துபோயிற்று.

புங்கமரத்தடியில், ஒரு புல்கூட முளைத்திராத வெறும் மண்ணில், ஒற்றைத் தண்டு நெட்டுக்குத்தாக நின்றது. அவள் இடுப்பு உயரம் இருக்கும். தண்டு முழுக்க மங்கலான வெள்ளையில் சிறு சிறு பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கின. அடியில் ஒரு இலைகூட இல்லை.

அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. குனிந்து, மண்ணுக்கு மேலே தெரிந்த கிழங்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீயா?"

"நான்தான்."

"இலை எங்க?"

"வரும். பின்னால வரும்."

"இலை இல்லாம இந்த வெயில்ல எதுக்கு எழுந்து வந்த? மூணு மழை ஆகலியே. இப்பத்தானே ஒண்ணு பெஞ்சது."

"யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது" என்றது நரிவெங்காயம்.

"மழைதான்."

"மழைன்னு தெரியும். போன வருசமும் மழைதான். நீ அந்தப் பக்கம் ஏறினதும் பெஞ்சதே, அது. எழுந்து பாத்தேன். குடிசை காலியாக் கெடந்தது. கொஞ்ச நாள் நின்னு பாத்துட்டுப் படுத்துட்டேன்."

"இனிமேலும் இப்படித்தான் வருவியா?"

"வந்து பாத்துட்டா மனசு அடங்குது. யாரும் இல்லேன்னா இல்லேன்னு தெரிஞ்சுபோகும்."

வெள்ளைச்சி அந்தத் தண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்ததும் எழுந்து மலையேறினாள். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் வந்ததாக யாரும் சொல்லவில்லை.

அப்போதிலிருந்துதான் நரிவெங்காயம் கோடையின் முதல் மழைக்கே, இலைக்குக் காத்திராமல், வெறும் தண்டோடு எழுந்து பூக்கிறது. கொஞ்ச நாள் நின்று பார்த்துவிட்டுப் பூவெல்லாம் உதிர்ந்தபிறகு, மெதுவாக இலை விடுகிறது. கரிச்சான் காட்டிலுள்ள எல்லாக் குரலையும் எடுக்கிறது, மனிதக் குரலைத் தவிர. அந்தச் சரிவில் இருப்பவர்களும் யார் கூப்பிட்டது போலிருந்தாலும் முதல் குரலுக்கே "ஓ" என்று சொல்லி, செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். அநேகமாக அங்கே யாரும் இருப்பதில்லை.